உள்ளம் சொன்னதும் அறிவு சொன்னதும்: புனித லொயோலா இஞ்ஞாசியார்

யூபிலி ஆண்டை முன்னிட்டுப் பங்கின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும் ஒன்று தோன்றும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் இந்தத் தேதியில் திருமணம் நடந்தது, சாட்சிகள் இன்னார் என்று திருமணப் பதிவேடு சொல்லும். யார் குருமடம் சென்றார், யார் கன்னியர் மடம் சேர்ந்தார், யார் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தார் என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்த முடிவுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை எந்த ஏடும் சொல்வதில்லை. மனசுக்குப் பட்டது என்று ஒரே நாளில் பெண்ணை நிச்சயித்தவர் உண்டு. வரவு செலவு, குலம் கோத்திரம், தூரம் தொலைவு எல்லாம் கணக்குப் பார்த்து ஆண்டுக் கணக்கில் தள்ளிப் போட்டவர் உண்டு. இரண்டு சீட்டு எழுதிச் சுருபத்தின் காலடியில் வைத்து, சிறு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னவர்களும் நம் வீடுகளில் இல்லாமல் இல்லை.

உள்ளம் உந்துகிறபடி போவதா, அறிவு ஆய்ந்து சொல்கிறபடி போவதா என்ற இந்த வழக்கை வாழ்நாள் முழுவதும் தம் நெஞ்சிலேயே நடத்திப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அவரே இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். அவர் பெயரால் விளங்கும் கல்லூரிகளையும் பள்ளிகளையும் நாம் அறிவோம். போர்வீரனாய் இருந்து காயம்பட்டு மனந்திரும்பியவர் என்று ஞானோபதேச வகுப்பிலும் படித்திருக்கிறோம். ஆயினும் அவர் ஒவ்வொரு முடிவையும் எவ்வாறு எடுத்தார், எங்கே தடுமாறினார், எவ்வாறு தேறினார் என்பதை நம்மில் பலர் அறிந்ததில்லை. ஆகவே அவருடைய வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்தே இங்கு எழுதத் துணிகிறோம்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் மலைநாட்டில், அஸ்பெய்த்தியா என்ற ஊரை அடுத்த லொயோலா மாளிகையில் 1491ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். வீட்டில் இட்ட பெயர் இனிகோ. இஞ்ஞாசியார் என்பது பிற்காலத்தில் அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர். இளம் வயதிலேயே அரசாங்கக் கருவூல அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்து, வாளும் வழக்காடலும் நடனமும் கற்றார். பின்னர் நவார் நாட்டு அரசப் பிரதிநிதியின் கீழ்ப் பணியாற்றினார். பெயரும் புகழும் பெற வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அக்காலத்தில் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1521ஆம் ஆண்டு மே மாதம் பிரெஞ்சுப் படை பம்ப்லோனா நகரை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்கள் மிகச் சிலர். எதிர்த்து நிற்பது வீண், உயிரோடு விட்டால் போதும், சரணடைவோம் என்பதே அங்கிருந்த ஏறக்குறைய எல்லாருடைய எண்ணமும். அறிவு சொன்னது அதுதான். அது சரியாகவும் இருந்தது. இனிகோ ஒருவர் மட்டும் மறுத்தார். தலைவரிடம் வாதாடி, மற்றவர்களுக்கும் வீரம் ஊட்டி, போரிடச் செய்தார். மே 20ஆம் நாள் பீரங்கிக் குண்டு ஒன்று வந்து அவருடைய வலது காலை நொறுக்கி, மற்றக் காலையும் காயப்படுத்தியது. அவர் விழுந்தவுடன் கோட்டையும் பணிந்தது. இந்தச் சம்பவத்தை வீரம் என்று சொல்லிப் போகும் புத்தகங்கள் பல. வீரந்தான், மறுக்கவில்லை. ஆனால் தம் மானம் ஒன்றையே பெரிதாக எண்ணிய ஓர் உந்துதலுக்கு மற்றவர்களுடைய உயிரையும் அவர் பணயம் வைத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வெற்றி பெற்றவர்கள் அவருக்கு மருத்துவம் செய்து, கட்டிலில் வைத்துச் சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்று மீண்டும் உடைத்துக் கட்டினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். கைகளை இறுக மூடிக்கொண்டு சத்தமின்றிப் பொறுத்தார். சாவு நெருங்கியது. இராயப்பர், சின்னப்பர் திருநாளுக்கு முந்தின இரவு நோய் தணிந்து பிழைத்தார். பிழைத்த பின்னர் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அக்காலப் பிரபுக்கள் அணியும் இறுக்கமான காலணி அதன்மேல் ஏறாது. அதற்காக, பட்ட வேதனை எல்லாவற்றையும்விடக் கொடியதாயிருக்கும் என்று வைத்தியர்கள் எச்சரித்தும், அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார். கால் நீளுவதற்காகக் கருவிகள் பூட்டி நாள்கணக்கில் இழுத்தார்கள். அப்படியும் ஆயுள் முழுவதும் சற்றே நொண்டித்தான் நடந்தார்.

படுக்கையில் பொழுது போகவில்லை. வீரர்களின் காதற் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு புத்தகமும் இல்லை. இருந்தவை இரண்டே: சாக்சனி லுதோல்பு என்ற துறவி எழுதிய கிறிஸ்து நாதர் சரித்திரம், புனிதர்களின் வரலாற்றுத் தொகுதி ஒன்று. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணை மூடிக் கனவு காண்பார். மூன்று நான்கு மணி நேரம் ஒரு மாதரசியைப் பற்றிய கனவு ஓடும். அவளைக் காண எப்படிப் போவது, என்ன சொல்வது, என்ன வீரச் செயல் புரிவது என்றெல்லாம். பிறகு வேறொரு கனவு வரும். பிரான்சிஸ்கு அசிசியார் செய்ததை நானும் செய்தால் என்ன, சாமிநாதர் செய்ததை நானும் செய்தால் என்ன, வெறுங்காலோடு எருசலேமுக்கு நடந்தால் என்ன என்று.

இரண்டு கனவும் இனித்தன. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. கனவு காணும் நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. முடிந்த பிறகுதான் தெரிந்தது. மாதரசியின் கனவு கலைந்ததும் நெஞ்சு வறண்டு வெறுமையாய்க் கிடந்தது. எருசலேம் கனவு கலைந்த பின்னரும் மகிழ்ச்சி அப்படியே தங்கியிருந்தது. வெகு நாள் இதைக் கவனிக்காமலே இருந்தவர், ஒரு நாள் கவனித்தார், வியந்தார், சிந்திக்கத் தொடங்கினார். ஆசைகளுக்கு அவர் கீழ்ப்படியவும் இல்லை, அவற்றை அடக்கவும் இல்லை. எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பின்னாலேயே போய்ப் பார்த்தார். உள்ளத்தில் எழுவதையே அறிவால் ஆராயும் பழக்கம் அந்தப் படுக்கையில் பிறந்தது.

பிறந்ததே தவிர வளரவில்லை. 1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது, மூத்த சகோதரர் அவரை ஒவ்வோர் அறையாக அழைத்துச் சென்று, குடும்பத்தின் பெயரையும் அவர்மேல் எல்லாரும் வைத்திருக்கும் நம்பிக்கையையும் சொல்லி மன்றாடினார். இனிகோ பொய் சொல்லாமல் மழுப்பிவிட்டுக் கோவேறு கழுதையில் ஏறி மொன்செராத் மலை நோக்கிப் போனார். வழியில் மூர் இனத்து இசுலாமியர் ஒருவர் துணை சேர்ந்தார். பேச்சு மரியன்னையின் கன்னிமையைப் பற்றித் திரும்பியது. அன்னை கன்னியாகவே கருத்தரித்தாள் என்பதை அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். பெற்ற பின்னும் கன்னியாக இருந்தாள் என்பதை ஒப்பவில்லை. இனிகோ எவ்வளவோ வாதாடியும் பயனில்லை. அவர் முந்திக்கொண்டு போய்விட்டார்.

போன பிறகு இனிகோவின் மனம் கொதித்தது. அன்னையின் மானத்தைக் காக்கத் தவறிவிட்டோமோ, பின்தொடர்ந்து சென்று குத்துவாளால் குத்திவிட வேண்டுமோ என்று தோன்றியது. வேண்டாம் என்றும் தோன்றியது. நெடுநேரம் எண்ணிப் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். மிருகம் அந்த மனிதர் சென்ற ஊர்ப் பாதையில் திரும்பினால் தேடிப்பிடித்துக் குத்துவது, நெடுஞ்சாலையில் நேரே போனால் விட்டுவிடுவது. ஊர்ப் பாதை அகலமாயும் நன்றாயும் இருந்தது. ஊரும் முப்பது நாற்பது அடி தூரத்தில்தான் இருந்தது. இருந்தும் கழுதை நெடுஞ்சாலையில் நடந்தது.

ஒரு மனிதரின் உயிரும் ஒரு புனிதரின் வருங்காலமும் ஒரு கோவேறு கழுதையின் கால்களில் தொங்கிய நேரம் அது. இறைவன் காத்தார் என்பதே நம் விசுவாசம். ஆனால் முதுமையில் தம் வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தபோது இஞ்ஞாசியார் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்நாளில் தம் ஆன்மா எவ்வளவு குருடாயிருந்தது என்பதற்கு உதாரணமாகவே சொன்னார். அதற்குப் பிறகு எந்த முடிவையும் அவர் மிருகத்திடமோ சீட்டிடமோ ஒப்படைத்ததாக நாம் காணவில்லை. நம் வீடுகளில் சீட்டு எடுக்கும் வழக்கமுள்ளவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மொன்செராத்தில் அன்னையின் பீடத்தில் வாளையும் குத்துவாளையும் காணிக்கையாக்கி, நல்ல உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு, சாக்குத் துணி அணிந்து அருகிலிருந்த மன்ரேசா ஊருக்குச் சென்றார். அந்த ஏழை உடைகளைத் திருடிவிட்டதாகச் சந்தேகிக்கப்பட்டுத் துன்பப்பட்டான் என்று கேட்டதும் இஞ்ஞாசியார் கண்ணீர் வடித்தார். நல்லெண்ணத்தோடு செய்த காரியமும் யோசியாமல் செய்தால் பிறர் தலையில் விடியும் என்பதை அன்று கண்டார்.

மன்ரேசாவில் ஏறத்தாழ பதினொரு மாதம் இருந்தார். பிச்சை எடுத்தார். முன்பு தலைமுடியை அழகு பார்த்தவர் இப்போது முடியையும் நகத்தையும் வளரவிட்டார். சங்கட மனச்சாட்சி அவரைப் பிடித்துக்கொண்டது. சொன்ன பாவங்களையே மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார், அமைதி கிடைக்கவில்லை. ஒரு வாரம் முழுப் பட்டினி கிடந்து, ஆன்ம குரு கட்டளையிட்ட பின்னரே உண்டார். அறையிலிருந்த பள்ளத்தில் விழுந்து உயிரை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணம் வந்தது. பக்தி மிகுந்தவருக்கு உள்ளிருந்து வரும் குரல் எல்லாம் தேவ குரலாய் இருந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இறுதியில் இந்த எண்ணங்கள் எந்த வழியாக வந்தன, எங்கே இழுக்கின்றன என்று நிதானமாகப் பார்த்தார். பழைய பாவங்களை இனி சொல்வதில்லை என்று தீர்மானித்தார். விடுதலை கிடைத்தது.

இன்னொரு சிறு காரியம். படுக்கப்போகும் வேளையில் அவருக்குப் பேரொளியும் ஞான ஆறுதலும் பெருகி வரும். தூங்குவதற்கு வைத்திருந்த கொஞ்ச நேரமும் அதில் போய்விடும். நாமாயிருந்தால் பரவசம் என்று மகிழ்ந்திருப்போம். அவர் கணக்குப் பார்த்தார். இறைவனோடு பேச இவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறேன், மீதி நாளும் அவருக்கே, அப்படியிருக்க இது ஏன் தூக்கத்தைத் திருட வேண்டும்? நல்ல ஆவியிடமிருந்து வந்ததா என்ற ஐயம் பிறந்தது. அதை விட்டுவிட்டுத் தூங்கினார். ஆனால் இன்னொரு சமயம், புலால் உண்பதில்லை என்று உறுதியாயிருந்தவருக்கு ஒரு காலையில் எழுந்ததும் உண்ணலாம் என்ற தெளிவு திடீரென்று வந்தது. ஆன்ம குரு சோதித்துப் பார்க்கச் சொன்னார். எத்தனை முறை சோதித்தும் ஐயம் எழவில்லை. அதை ஏற்றுக்கொண்டார். ஒளி வந்தது என்பதற்காக ஏற்பதும் இல்லை, ஒளி வந்தது என்பதற்காகத் தள்ளுவதும் இல்லை.

அடுத்து எருசலேம். அங்கேயே தங்கி, ஆண்டவர் நடந்த மண்ணில் ஆன்மாக்களுக்கு உதவி செய்து சாக வேண்டும் என்பது அவருடைய அசையாத தீர்மானம். 1523 செப்டம்பர் 4ஆம் நாள் அங்கே சேர்ந்தார். திருத்தலங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கு சபைத் தலைவரோ மறுத்துவிட்டார். முன்பு இப்படித் தங்கியவர்கள் சிலர் சிறைப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள், பிடிபட்டவர்களை மீட்கும் பாரம் சபையின் தலையில் விழுந்தது என்று காரணமும் சொன்னார். இஞ்ஞாசியார் அசையவில்லை. கீழ்ப்படியாதவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கப் பாப்பரசர் தமக்கு அதிகாரம் தந்திருப்பதாகத் தலைவர் கூறி, ஆணைப் பத்திரங்களையும் காட்ட முன்வந்தார். பத்திரத்தைப் பார்க்க வேண்டிய தேவையில்லை என்று சொல்லி இஞ்ஞாசியார் பணிந்தார். தாம் இங்கே தங்குவது இறைவனின் சித்தம் அன்று என்று ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்டவர் அன்றைக்கே யாருக்கும் சொல்லாமல் ஒலிவ மலைக்கு ஓடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டவர் பரலோகம் ஏறுகையில் பதிந்ததாகச் சொல்லப்படும் பாதச் சுவடுகளைக் கடைசியாகப் பார்க்கும் ஆசை. காவலருக்குத் தம் சிறு பேனாக்கத்தியைக் கொடுத்து உள்ளே போனார். திரும்பும் வழியில், வலது பாதம் எந்தப் பக்கம், இடது பாதம் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. மறுபடி ஓடினார். இம்முறை கத்தரிக்கோலைக் கொடுத்தார். மடத்துப் பணியாள் தடியோடு வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனான். இவ்வளவு நுட்பமாய் ஆராய்கிறவருக்கு இப்படி ஒரு குழந்தை உள்ளமும் இருந்தது.

எருசலேம் இல்லை என்றாகிவிட்டது. இனி என்ன செய்வது? ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிப்பு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 33 வயதில் பார்சலோனா நகரில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றார். வாய்பாடு மனப்பாடம் செய்ய உட்கார்ந்தவுடன் ஞான விஷயங்களில் புதிய புதிய விளக்கங்கள் உள்ளத்தில் ஊறின. செபத்திலும் பூசையிலும் வராத இன்பம் இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஏன் வருகிறது? சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துப்போய், இந்நகரில் உயிர்வாழ ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும் வரைக்கும் இரண்டு ஆண்டு உங்கள் வகுப்பைத் தவறவிடமாட்டேன் என்று வாக்களித்தார். சோதனை நின்றது. பரீட்சைக்குப் படிக்க உட்காரும்போது மட்டும் பக்தி பொங்கிவரும் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைப் பெற்றோர் வாசித்துக் காட்டலாம்.

அல்காலாவிலும் சலமான்காவிலும் படித்தார், சந்தேகத்தின் பேரில் இரண்டு இடத்திலும் சிறையிருந்தார். 1528இல் பாரிஸ் சேர்ந்தார். அங்கே புனித பார்பரா கல்லூரியில் ஒரே அறையில் தங்கியவர்கள் புனித பீட்டர் பேபரும் நம் புனித சவேரியாரும். 1534 ஆகஸ்டு 15ஆம் நாள் மொன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் வாக்குறுதி எடுத்தார்கள். ஏழ்மையில் வாழ்வது, எருசலேம் செல்வது. ஆனால் பழைய இனிகோவாக இருந்தால் வாக்குறுதி அத்தோடு முடிந்திருக்கும். இப்போது இன்னொன்றும் சேர்த்தார்கள்: ஓராண்டுக்குள் கப்பல் கிடைக்காவிட்டால் உரோமைக்குப் போய்ப் பாப்பரசரிடம் தங்களை ஒப்படைப்பது. வெனிஸ் நகரில் 1537இல் குருப்பட்டம் பெற்றுக் காத்திருந்தார்கள். துருக்கியரோடு போர் மூண்டு யாத்திரைக் கப்பல் புறப்படவில்லை. உரோமைக்குத் திரும்பினார்கள். ஆசை எவ்வளவு உறுதியாயிருந்தாலும், நடக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே இறைவன் முன் எழுதி வைத்தவர்களுக்கு அந்த ஏமாற்றம் இடியாக விழவில்லை.

1539இல் தோழர்கள் திசைக்கொருவராய் அனுப்பப்படும் நிலை வந்தது. பிரிந்துபோவதா, ஒரே உடலாக இருப்பதா? தங்களில் ஒருவருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுப்பதா? மார்ச்சு முதல் ஜூன் 24 வரை, பகலெல்லாம் பணிசெய்து இரவில் கூடி ஆலோசித்தார்கள். அவர்கள் வகுத்த முறை வியப்பானது. ஒருநாள் ஒவ்வொருவரும் கீழ்ப்படிதலுக்கு எதிரான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் ஒவ்வொருவரும் ஆதரவான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும். இடையில் ஒருவரையொருவர் தன் பக்கம் இழுக்கக்கூடாது. தான் இந்தக் கூட்டத்தைச் சேராத அந்நியன் என்று எண்ணிக்கொண்டு நடுநிலையாய்ப் பார்க்க வேண்டும். முடிவில் எல்லாரும் ஒருமனப்பட்டார்கள். 1540 செப்டம்பர் 27ஆம் நாள் பாப்பரசர் மூன்றாம் பவுல் இயேசு சபையை அங்கீகரித்தார். நம் பங்குப் பேரவைக் கூட்டங்களில் இம்முறையை ஒருதரம் முயன்று பார்த்தால் நல்லது என்பது எங்கள் தாழ்மையான எண்ணம்.

அதே ஆண்டு மார்ச்சில் நடந்தது நம் நாட்டைத் தொட்டது. போர்த்துக்கல் மன்னர் இந்தியாவுக்கு ஆள் கேட்டிருந்தார். நியமிக்கப்பட்ட பொபதில்யா காய்ச்சலில் விழுந்தார். தூதர் புறப்படும் நாளோ நெருங்கிவிட்டது. நோயுற்றுக் கிடந்த இஞ்ஞாசியார் சவேரியாரைக் கூப்பிட்டுச் சொன்னார். சவேரியார் கிழிந்த அங்கியைத் தைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மூன்று மாதம் ஆலோசித்தவர்கள் இதை ஒரு நாளில் முடித்தார்கள். முத்துக்குளித்துறைக்குச் சவேரியார் வந்தது இப்படித்தான். அந்த இரு நண்பர்களும் மறுபடி சந்திக்கவில்லை.

சவேரியாரும் ஆசிரியரின் வழியையே கைக்கொண்டார். 1545இல் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போவதா, இங்கே இருப்பதா என்ற கேள்வி எழுந்தபோது மயிலாப்பூர் வந்து, புனித தோமையார் கல்லறையருகே மாதக் கணக்கில் தங்கிச் செபித்தார். உள்ளத்தில் உறுதி பிறந்த பின், போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் வேறு எந்தக் கப்பலிலும், அதுவும் இல்லாவிட்டால் இக்கரையின் கட்டுமரத்திலாவது மலாக்காவுக்குப் போவதாக எழுதினார். நம் கடற்கரையின் கட்டுமரம் அந்தக் கடிதத்தில் ஏறியது.

1541இல் சபைத் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது வாக்குகள் இஞ்ஞாசியாருக்கே விழுந்தன. மறுத்தார். மறுபடி வாக்கெடுத்தார்கள், மறுபடியும் அவரே. அப்போதும் ஏற்காமல், பிரான்சிஸ்கு சபைக் குரு ஒருவரிடம் சென்று மூன்று நாள் தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் சொல்லி, முடிவை அவர் கையில் விட்டார். அந்தக் குரு ஏற்கச் சொன்னார். ஏற்றார்.

இந்த அனுபவங்களையெல்லாம் பிழிந்து அவர் எழுதிய சிறு நூலே ஞானப்பயிற்சிகள். 1548 ஜூலை 31ஆம் நாள் பாப்பரசர் அதை அங்கீகரித்தார். ஒருவன் வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்ள மூன்று விதமான காலம் உண்டு என்கிறார். மத்தேயுவுக்கும் சின்னப்பருக்கும் வந்ததுபோல் ஐயத்துக்கே இடமில்லாத அழைப்பு ஒன்று. உள்ளத்தில் ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வர, அவற்றைக் கவனித்துத் தெளிவது இரண்டாவது. உள்ளம் எந்தப் பக்கமும் அசையாமல் அமைதியாக இருக்கும்போது, இதனால் என்ன நன்மை, என்ன தீமை என்று அறிவால் நிறுத்துப் பார்ப்பது மூன்றாவது. முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வாய் என்று யோசி. சாகும் நேரத்தில் எதைச் செய்திருந்தால் நல்லது என்று எண்ணுவாயோ அதைச் செய். இவ்வாறெல்லாம் வழி காட்டுகிறார். அறிவால் முடிவு செய்த பிறகும் அதை இறைவன் முன் வைத்து, அவர் உறுதிப்படுத்தும்படி கேட்கச் சொல்கிறார்.

அந்நூலில் நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவையான இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. மனம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது ஒன்று. திருமணம், குருத்துவம் போன்ற மாற்ற முடியாத நிலையில் புகுந்துவிட்டவன், தான் சரியாகத் தேர்ந்தேனா என்று மீண்டும் கிளறிக்கொண்டிராமல், அந்த நிலையிலேயே நல்வாழ்வு வாழ முயல வேண்டும் என்பது மற்றொன்று. பெண் பார்த்த அன்று அவசரப்பட்டோமோ என்று முப்பது வருஷம் கழித்துப் புலம்புகிறவர்களுக்கு நானூற்றெழுபது ஆண்டுக்கு முன்பே பதில் எழுதியிருக்கிறார்.

அவர்தம் முறையைத் தாமே எவ்வளவு கடினமாகக் கைக்கொண்டார் என்பதற்கு 1544ஆம் ஆண்டு நாட்குறிப்பே சாட்சி. சபையின் கோவில்களுக்கு நிலையான வருமானம் இருக்கலாமா, கூடாதா என்பது பிரச்சினை. இருக்கலாம் என்று தோழர்கள் முன்பே முடிவு செய்து அவரும் கையொப்பமிட்டிருந்தார். மனம் ஒப்பவில்லை. சாதக பாதகங்களைத் தாளில் எழுதினார். எழுதியதை வைத்துக்கொண்டு நாற்பது நாள் பூசை செய்தார். கண்ணீர் பெருகியது. வருமானம் வேண்டாம் என்பது சில நாட்களிலேயே தெளிவாகிவிட்டது. ஆனாலும் விட மனமில்லை. இன்னும் ஓர் உறுதி, இன்னும் ஓர் அடையாளம், நிறைந்த ஆறுதலோடு முடிக்க வேண்டும் என்று காத்திருந்தார். மார்ச்சு 12ஆம் நாள் பூசைக்குப் பின் எல்லா ஆறுதலும் வற்றிப்போயிற்று. இறைவன் தம்மைவிட்டு விலகிவிட்டார்போல் இருந்தது. இன்னும் சில நாள் பூசை செய்வதா என்று தயங்கியபோதுதான் அவருக்கு வெளிச்சமாயிற்று. காரியம் தெளிவாயிருக்க, தம் சொந்தத் திருப்திக்காகவே தாம் அடையாளம் தேடிக்கொண்டிருப்பதைக் கண்டார். வறண்ட மனத்தோடேயே அன்றைக்கு முடித்துவிட்டார். அன்று மறுபடி ஐயம் எழுந்தபோது அதை அதட்டி உட்காரவைத்தார்.

எங்களுக்கு அவருடைய வாழ்வில் பம்ப்லோனாவைவிட இந்த மார்ச்சு 12 பெரிதாகத் தோன்றுகிறது. உணர்ச்சியைக் கவனித்தே வளர்ந்தவர், உணர்ச்சி ஒன்றும் இல்லாத நாளில் முடிவெடுத்தார்.

தாம் தெளிந்ததே இறைசித்தம், மற்றவர் எல்லாரும் தவறு என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. 1552இல் பிரான்சிஸ்கு போர்ஜியாவைக் கர்தினாலாக்க வேண்டும் என்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் விரும்பினார். முதலில் தடுக்க வேண்டும் என்று இஞ்ஞாசியாருக்குத் தோன்றியது. பிறகு இறைவன் எண்ணம் வேறாயிருந்தால் என்ன என்று அச்சம் வந்தது. மூன்று நாள் செபித்த பின் தடுப்பதே தம் கடமை என்று தெளிந்தார். ஆனால் போர்ஜியாவுக்கு எழுதுகையில், என்னைத் தடுக்கத் தூண்டும் இறைவனே மற்றவர்களை ஆதரிக்கவும் தூண்டலாம், அதில் முரண்பாடில்லை என்னும் கருத்தை எழுதினார். போர்ஜியா கர்தினால் ஆகவில்லை. பிற்காலத்தில் சபையின் மூன்றாம் தலைவரானார்.

எல்லாம் ஆராய்ந்தாலும் மனித அறிவுக்கு எட்டாதது உண்டு. 1553 ஜூன் மாதம் சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி காரணங்களோடு கடிதம் எழுதினார். காரணங்கள் எல்லாம் சரியானவை. ஆனால் சவேரியார் 1552 டிசம்பர் 3ஆம் நாளே சீனக் கரையோரத் தீவில் இறந்துபோயிருந்தார். ஆறு மாதமாய் இல்லாதவருக்கு அந்தக் கடிதம் போயிற்று.

1555 மே மாதம் தம்மோடு ஒத்துப்போகாத கராஃபா கர்தினால் நான்காம் பவுல் என்ற பெயரோடு பாப்பரசரானார் என்ற செய்தி வந்தபோது இஞ்ஞாசியாரின் உடலெல்லாம் நடுங்கிற்று என்று அருகிலிருந்தவர் எழுதியிருக்கிறார். ஒன்றும் பேசாமல் கோவிலுக்குள் போனார். சற்று நேரத்தில் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். சபையே கலைந்துபோனாலும் கால் மணி நேரச் செபம் போதும், மனம் தேறிவிடுவேன் என்று சொல்லிவந்தவர் அவர்.

1556ஆம் ஆண்டு ஜூலை மாதம் வழக்கமான வயிற்று நோய் அவரை வாட்டியது. சபையில் அப்போது ஏறத்தாழ ஆயிரம் பேர். ஜூலை 30, வியாழக்கிழமை பிற்பகல், செயலாளர் போலாங்கோவை அழைத்து, பாப்பரசரிடம் போய்த் தமக்காக ஆசீர் கேட்டு வரும்படி சொன்னார். சாவு நெருங்கிவிட்டது என்பதை அறிந்தவர்போல் சொன்னார். போலாங்கோ யோசித்தார். அபாயம் ஒன்றும் இல்லை என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். தலைவருக்கு இந்நோய் புதிதுமல்ல. ஸ்பெயினுக்குப் போகும் தபாலுக்கு அன்று மாலைக்குள் கடிதங்கள் முடித்தாக வேண்டும். நாளைக்குப் போனால் போதாதா என்று கேட்டார். இன்றைக்கே போனால் நல்லது என்பது தம் விருப்பம், ஆயினும் உமக்கு நலமாகத் தோன்றியபடி செய்யும் என்று விட்டுவிட்டார் இஞ்ஞாசியார். தமக்குத் தெரிந்ததைச் சொன்னார், வற்புறுத்தவில்லை. அன்றிரவு வழக்கம்போல் கொஞ்சம் உண்டு, ஒரு வீடு சம்பந்தமான காரியத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் படுத்தார்.

விடியற்காலையில் போய்ப் பார்த்தவர்கள் அவர் உயிர் பிரியும் தறுவாயில் இருப்பதைக் கண்டார்கள். போலாங்கோ பாப்பரசரின் மாளிகைக்கு ஓடினார். பாப்பரசர் வருந்தி ஆசீர் அளித்தார். அவர் திரும்பி வருவதற்குள் ஜூலை 31ஆம் நாள் காலை இஞ்ஞாசியார் இறந்துவிட்டார். அவஸ்தைப்பூசுதலுக்கும் நேரம் இருக்கவில்லை. வைத்தியர் சொன்னதையும், தபால் அவசரத்தையும், தாம் நாளைக்கு என்று சொன்னதையும் ஒன்றும் மறைக்காமல் போலாங்கோவே சில நாட்களில் கடிதமாக எழுதி சபையாருக்கு அனுப்பினார்.